முப்பத்தெட்டாம் விதி

ஓல்ட்டனில், வியாழக்கிழமைகளில்,
ரயில் நிலையத்துக்குப் பின்னால்
சைக்கிள் திருத்தும் கடையின் மாடியில்
ஐந்து பேர் விதி செய்து விளையாடுகிறோம்.
காய் இல்லை, பலகை இல்லை.
ஒரு பச்சைக் கொப்பி, ஒரு பேனை.
முறை வந்தவர் விதியொன்றைச் சொல்வார்.
மூன்று கை உயர்ந்தால் அது சட்டம்.

ஒன்பதாம் விதி: சரக்கு ரயில் போகும்போது
யாரும் பேசக்கூடாது.
பதினான்கு: தோற்றவர் கேக் கொண்டுவர வேண்டும்,
கடையில் வாங்கியது செல்லாது.
இருபத்தாறு: ஏமாற்றியவர்
புள்ளி அத்தனையும் இழப்பார்.
இருபத்தேழு: ஏமாற்றினாரா என்பதைக்
கொப்பிக்கு இடப்பக்கம் இருப்பவர் தீர்ப்பார்.

அன்று இடப்பக்கக் கதிரையில் நான்.

முப்பத்தெட்டு, பேயாட் ஷ்டால்டர் போட்ட விதி.
ஒரு வியாழன் வராதவருக்குப் பாதிப் புள்ளி போகும்.
மிர்யேத்தாவுக்கு மருத்துவமனையில் இரவு வேலை,
மாதத்தில் இரண்டு வியாழன் வரமாட்டாள்.
அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த விதி.
போன வாரம் அவனே சொன்னான்:
நாலு புள்ளி தாருங்கள்,
அதை அவுஃப்ஹேபன் செய்கிறேன்.
தந்தோம்.
இந்த வாரம் கொப்பியைத் திறந்தால்
முப்பத்தெட்டு அப்படியே இருக்கிறது,
சிவப்பு மையில் அடிக்கோடு வேறு.

"அவுஃப்ஹேபன் என்றால் பத்திரமாக வைப்பதும்தான்.
என் அம்மா யோகர்ட் போத்தல்களை
நாற்பது வருடம் அவுஃப்ஹேபன் செய்தார்.
ரத்தா செய்தார்?"
"போத்தலோடு வந்தால் அப்படி,
விதியோடு வந்தால் ரத்துத்தான்" என்றார் ரெகுலா,
நோட்டரி அலுவலகத்தில் தேய்ந்த கண்ணாடியோடு.
லோரிஸ் கடலை உடைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு அப்போதே தெரியும்," என்றாள் மிர்யேத்தா.
"தெரிந்துதான் கை தூக்கினேன்,
இருபத்தாறில் இவனை மாட்ட."
பேயாட் துள்ளி எழும்பினான்:
"தெரிந்தவளை யார் ஏமாற்றுவது?
ஏமாந்தவன் நானல்லவா!"

அப்போது சரக்கு ரயில் வந்தது.
ஒன்பதாம் விதி.
நாற்பது பெட்டி நீளத்துக்கு மௌனம்.

தொண்ணூற்றாறில் பேர்னிலிருந்து ஒரு கடிதம்.
என்னைத் திருப்பியனுப்பும் முடிவு
'அவுஃப்கேஹோபன்' என்றது.
ஆறு மாத ஜெர்மன் என்னுடையது.
அகராதியில் மூன்று பொருள்:
தூக்கு. வை. நீக்கு.
இரவு முழுக்கப் பெட்டி கட்டினேன், அவிழ்த்தேன், கட்டினேன்.
காலையில் பால்கடைக்காரி வாசித்துவிட்டு
என் கன்னத்தைத் தட்டினாள்.
அதுவும் விளங்கவில்லை,
வாழ்த்தா, ஆறுதலா.

தமிழில் வினைக்கு ஒரு வால் வேண்டும்.
எடுத்துவிட்டேன் என்றால் போயிற்று.
எடுத்துவைத்தேன் என்றால் இருக்கிறது.
(வாலை நறுக்கி, 'எடுத்தேன்' என்று மட்டும் சொல்லித்
தப்பியவர்களும் உண்டு.
சூரிச்சில் என் மச்சான் ஒருவர், சீட்டுக் காசு.)

கடைசிப் பெட்டியும் போனது.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஏமாந்தவர் இல்லாமல் ஏமாற்று இல்லை.
மிர்யேத்தா ஏமாறவில்லை.
ரெகுலா ஏமாந்ததை ஒப்புக்கொள்ளமாட்டார்.
லோரிஸ் எதையும் கேட்கவேயில்லை.
மிச்சம் நான் ஒருத்தி,
அந்தச் சொல்லில் ஏற்கனவே ஓரிரவு விழுந்தெழும்பியவள்.
நீதிபதியே பாதிக்கப்பட்டவராக இருக்கக்கூடாதென்று
எங்களிடம் விதியில்லை.
இருந்திருந்தால் நல்லது.

பேனையை எடுத்துத் தமிழில் எழுதினேன்.
தீர்ப்பு எந்த மொழியில் என்றும் விதியில்லை:
'புள்ளிகள் அவரவரிடமே இருக்கட்டும்.
முப்பத்தெட்டை எடுத்துவிட்டேன்.'

"முப்பத்தெட்டு என்னாயிற்று?" என்றான் பேயாட்.
"அவுஃப்கேஹோபன்," என்றேன்.
பேயாட் சிரித்தான்.
மிர்யேத்தாவும் சிரித்தாள்.
இரண்டு சிரிப்பையும் நான் திருத்தவில்லை.

"அப்போ கேக் யார் கொண்டுவருவது?"
லோரிஸ் முதல்முறையாக வாய் திறந்தான்.

அடுத்த வியாழன்
இடப்பக்கக் கதிரை பேயாட்டுக்கு.
விளக்கை அணைத்தார்கள்.
பச்சைக் கொப்பியை
எடுத்தேன்.